மூத்தவளுக்கு ஓர் இடம்

அழுகிய முட்டை நாற்றம் என்று எல்லோரும் மூக்கைப் பொத்தினார்கள். நான் பொத்தவில்லை. மகளைக் கல்லூரியில் சேர்க்கப் போயிருந்தேன். விண்ணப்பம் கொடுக்கிற வரிசை வேதியியல் ஆய்வுக்கூடத்தின் சன்னலை உரசிக்கொண்டு வளைந்து போயிற்று. உள்ளே யாரோ எதையோ எதனோடோ சேர்த்துவிட்டார்கள். வாடை வெளியே வந்தது. சேலைத் தலைப்புகளும் கைக்குட்டைகளும் ஒரே சமயத்தில் மேலே போயின. நான் நெஞ்சு நிறைய இழுத்தேன், விட்டேன், மறுபடி இழுத்தேன்.

"அம்மா, என்ன செய்யுதே? எல்லாரும் பாக்காங்க" என்றாள் மகள்.

பார்க்கட்டும். நாற்பத்து மூன்று வருடம் கழித்து எங்கள் வீட்டு வாசனை என்னைத் தேடி வந்திருக்கிறது. நான் மூக்கைப் பொத்துவேனா?

சுவரில் பட்டியல் ஒட்டியிருந்தது. மதிப்பெண்கள் புள்ளி தாண்டியும் இரண்டு இலக்கம் ஓடின. ஒரு தகப்பன் அந்தப் புள்ளியின்மேல் விரல் வைத்தவர் எடுக்கவே இல்லை, எடுத்தால் அது இடம் மாறிப் போய்விடும் என்பதுபோல. பட்டியலின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி: ஒரே மதிப்பெண் பெற்றவர்களில் வயதில் மூத்தவருக்கே இடம்.

அந்த வரியைப் படித்ததும் பக்கத்திலிருந்த படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். என் வயதுக்காரர்களே, உங்களுக்கும் இப்படி ஏதோ ஒரு வரி இருக்கும். ஊருக்கெல்லாம் அது விதி, உங்களுக்கு மட்டும் அது ஒரு முகம்.

எனக்கு அது இரண்டு முகம்.

எங்கள் வீடு தேங்காய்ப்பட்டணத்துக்குப் பக்கம், ஆறு கடலைத் தொடுவதற்குச் சற்று முன்னால், உப்பங்கழிக் கரையில் இருந்தது. தேங்காய் மட்டையை அங்கே கதம்பல் என்போம். கதம்பலைக் கழிச் சேற்றுக்குழியில் அமுக்கி மாதக்கணக்கில் ஊறப்போடுவார்கள். ஊறி, கறுத்து, குமிழி விட்டு, ஒருநாள் அது மேலே வரும்போது வருகிற வாடைதான் நான் மேலே சொன்ன வாடை. பெண்கள் அதைக் கட்டைமேல் வைத்துத் தடியால் தல்லுவார்கள். தப், தப், தப். தோல் விலகி நார் பொன்னாய்ப் பிரியும். விடியும்போது அந்தச் சத்தம், அந்தியில் அந்தச் சத்தம். சத்தம் நின்றால்தான் நாங்கள் திரும்பிப் பார்ப்போம்.

அம்மா தல்லுவாள். அக்காவும் பள்ளிக்கூடம் போகும்முன் பத்துக் கதம்பலாவது தல்லிவிட்டுத்தான் போவாள். அப்பா கயிற்றுக் கட்டுகளோடு வள்ளத்தில் குளச்சலுக்குப் போனால் வாரக் கடைசியில்தான் முகம் காட்டுவார். ஆகவே இந்தக் கதையில் அவர் இல்லை.

வாடை குளித்தால் போகாது. தேய்த்தால் போகாது. தாழம்பூவைப் பெட்டியில் போட்டு அதற்குள் பாவாடையை மடித்து வைத்தாலும், தாழம்பூதான் கதம்பல் மணக்கும். பள்ளிக்கூடத்தில் அக்கா உட்கார்ந்த பெஞ்சில் மற்றப் பிள்ளைகள் ஒவ்வொருத்தியாக நகர்ந்து நகர்ந்து கடைசியில் பெஞ்சே காலியாகிவிட்டது. அந்தக் காலிப் பெஞ்சில், அக்காவோடு சின்னதிலேயே விளையாடி வளர்ந்த ஒருத்தி தானாக வந்து உட்கார்ந்தாள். அவள் வாப்பா கருவாட்டு வியாபாரி. கொழும்புக்குக் கருவாடு ஏற்றுகிறவர். வீடு நிறையக் கருவாட்டு மூட்டை.

"நீ கதம்பல், நான் கருவாடு. நமக்கு இடையில எவ வந்து இருக்கப் போறா? தாராளமா காலு நீட்டி இருக்கலாம்" என்றாளாம் முதல் நாளே.

அன்றிலிருந்து அவள் அக்காவின் கூட்டுக்காரி. ஒரே வகுப்பில் படித்தாலும் அக்காவை அவள் அக்கா என்றுதான் கூப்பிடுவாள். அக்காவைவிட மூன்று மாதம் இளையவள். எங்கள் பக்கத்தில் மூன்று மாதம் என்றாலும் மூப்பு மூப்புதான்.

சிரிப்பாள். எப்போதும் சிரிப்பாள். வாய் நிறையப் பல், பல் நிறையப் பேச்சு. தமிழ்ப் பாடத்திலும் இங்கிலீஷிலும் அவளை அடிக்க ஆளில்லை. கட்டுரை எழுதச் சொன்னால் மூன்று பக்கம் எழுதிவிட்டு, இன்னும் தாள் தாருங்கள் என்று எழுந்து நிற்பாள். அக்காவுக்குச் சயின்ஸ். எதைக் கண்டாலும் அது ஏன் அப்படி என்று கேட்கிற மண்டை.

ஒருநாள் சயின்ஸ் வாத்தியார் ஒரு கண்ணாடிக் கருவியில் ஏதோ வாயுவை உண்டாக்கிக் காட்டியிருக்கிறார். வகுப்பே மூக்கைப் பிடித்துக்கொண்டு, ஒரே நேரத்தில், அக்கா பக்கம் திரும்பியிருக்கிறது. அக்கா அழவில்லை. எழுந்து நின்று, "சாரே, இதுக்குப் பேரு உண்டா?" என்று கேட்டிருக்கிறாள்.

உண்டு. ஹைட்ரஜன் சல்பைட். கரும்பலகையில் எழுதிக் காட்டினார்.

அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்த வருகை இன்னும் என் கண்ணில் இருக்கிறது. பாதி ஓட்டம், பாதி நடை. புத்தகக்கட்டைக்கூட வைக்காமல் நேரே குழிக்கரைக்குப் போனாள். குனிந்து, குமிழி விடுகிற கறுத்த தண்ணீரைப் பார்த்தபடி நின்றாள். "ஏட்டி, இதுக்குப் பேரு இருக்கு கேட்டியா? சீமையிலயும் இதே பேருதானாம்" என்றாள் என்னிடம். எங்கள் உடம்பைவிட்டுப் போகாத நாற்றத்துக்குச் சீமையில் ஒரு பெயர்! எனக்குப் பதினொரு வயது. உலகம் ஒரு சாண் கிட்டே வந்ததுபோல இருந்தது.

இந்த இடத்தில் வெள்ளிக் கொலுசைச் சொல்லாமல் முடியாது. கதம்பல் குழியில் வேலை செய்கிற பெண்களின் வெள்ளி கறுத்துப் போகும். மிஞ்சி கறுக்கும், கொலுசு கறுக்கும். உடம்புச் சூடு என்பார்கள், கண்ணேறு என்பார்கள். மாமியார்கள் அதை வைத்து மருமகள்களுக்கு ஏதேதோ குணம் சொல்வார்கள். அந்த வாயு வெள்ளியைக் கறுக்கச் செய்யும் என்று அக்கா புத்தகத்தில் படித்துவிட்டாள். செய்து பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் கறுக்காத வெள்ளி ஏது? கூட்டுக்காரி தன் வலது கால் கொலுசைக் கழற்றிக் கொடுத்தாள். நோன்புப் பெருநாளுக்கு எடுத்த புதுக் கொலுசு. குழிக்கு மேலே ஒரு கம்பை ஊன்றி, தண்ணீரைத் தொடாமல் கொலுசைத் தொங்கவிட்டார்கள். யாரும் எடுத்துவிடாமல் நான் காவல். இரண்டாம் நாள் கொலுசு நாவல்பழம்போல ஆகிவிட்டது.

அவள் உம்மா அடித்த அடி எங்கள் வீடுவரை கேட்டது. புளி போட்டுத் தேய்த்துத் தருகிறேன் என்று அம்மா சொன்னாள். கூட்டுக்காரி கொலுசைத் தரவில்லை. அன்றிலிருந்து ஒரு காலில் வெள்ளையும் ஒரு காலில் கறுப்புமாக நடந்தாள். "உடம்புச் சூடுன்னு சொன்னா ரெண்டு காலும் கறுக்கணும் இல்லியா?" என்று வழியில் போகிற கிழவிகளை எல்லாம் நிறுத்திக் கேட்டாள். அவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். அவள் பின்னால் கலகலவென்று சிரித்தாள்.

பிறகு பரீட்சை வந்தது. பள்ளி இறுதிப் பரீட்சை. எழுதிய தாள்கள் திருவனந்தபுரத்துக்குப் போகும், அங்கே முகம் தெரியாத யாரோ திருத்துவார்கள். அதுவே பெரிய ஆறுதல் என்றாள் அக்கா. "தாளு மணக்காது பாத்தியா? அங்க நான் கதம்பல் இல்ல. வெறும் நம்பரு."

மார்க்கு வந்தபோது பள்ளிக்கூடமே வாயைப் பிளந்தது. இரண்டு பேருக்கும் ஒரே கூட்டுத்தொகை. அறுநூறுக்கு நானூற்றுப் பன்னிரண்டு. ஒருத்தியைப் பார்த்து ஒருத்தி எழுதியிருப்பாள் என்று பேச்சுக் கிளம்பிற்று. இரண்டு பேரும் வேறு வேறு அறையில் எழுதினார்கள் என்பதும், பாடம் பாடமாகப் பார்த்தால் ஒன்றுகூட ஒத்துவராது என்பதும் யாருக்குத் தெரிய வேண்டும்? சயின்ஸில் அக்கா எங்கேயோ இருந்தாள். தமிழிலும் இங்கிலீஷிலும் கூட்டுக்காரி எங்கேயோ இருந்தாள். பிரித்தால் இரண்டு பெண்கள், கூட்டினால் ஒரே எண். அந்த ஒரே எண்ணைத்தான் கல்லூரி பார்க்கும்.

அக்காவுக்கு வேண்டியது இன்டர்மீடியட்டில் சயின்ஸ் குரூப். வேறு எதுவும் வேண்டாம். அதில் பெண்களுக்கு இருந்த இடங்களைக் கைவிரல்களில் எண்ணிவிடலாம். கூட்டுக்காரிக்கு வேண்டியதும் அதுதான், ஆனால் வேறு காரணத்தால். அவள் வாப்பா ஒரே ஒரு சொல்லைக் கொடுத்திருந்தார்: "சயின்ஸ் கெடச்சா படி. டாக்டராகியதுக்கு வழி உண்டு. இல்லெங்கி கொழும்புக்காரனுக்கு வாக்கு சொல்லியிருக்கேன், அதப் பாப்போம்." அவளுக்குச் சயின்ஸ்மேல் பெரிய ஆசை ஒன்றும் இல்லை. படிப்பின்மேல் ஆசை. எந்தக் கதவு திறந்திருக்கிறதோ அந்தக் கதவு வழியாகப் போக வேண்டும் அவளுக்கு.

ஆனி மாதம். மழை பிடித்துக்கொண்ட நாள். இரணியல் வழியாகப் போகிற பஸ்ஸில் அம்மாவும் அக்காவும் நானும் நாகர்கோவில் போய்ப் பட்டியல் பார்த்தோம். சயின்ஸ் குரூப்பில் கடைசி இடம் கூட்டுக்காரிக்கு. அதற்குக் கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே, காத்திருப்போரில் முதலாவதாக, அக்கா.

அக்கா அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆபீஸ் ஆள் வந்து, "ரெண்டு பேருக்கும் ஒரே மார்க்கு. அந்தப் பிள்ளைக்கு வயசு கூடுதல். மூத்தவங்களுக்குத்தான் இடம், சட்டம் அப்படி" என்றார்.

அம்மாவுக்கு அதுவரை மார்க்கு, குரூப்பு, கோடு எதுவும் விளங்கவில்லை. இது விளங்கிற்று.

"ஆரு மூத்தவ? எனக்க மவ மூணாம் மாசம் கமந்து விழுந்த ஆழ்ச்சயிலதான், அந்த வாரத்திலதான், அவ பொறந்தா! அவளுக்க உம்மா வயித்தத் தள்ளிக்கிட்டு எனக்க பிள்ளயப் பாக்க வந்தவ. நான் பெத்த எனக்குத் தெரியாத வயசு ஒங்க கடலாசுத் தாளுக்குத் தெரியுமா?"

ஆபீஸ் ஆள் இரண்டு புத்தகத்தையும் திறந்து காட்டினார். அக்காவின் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் அவள் கூட்டுக்காரியைவிட ஒன்பது மாதம் இளையவள்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அம்மா ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். கருவாட்டு வியாபாரி மாதா மாதம் பள்ளிக்கூடத்துக் கிளார்க்கு வீட்டுக்கு நெய்மீன் கருவாடு கொடுத்தனுப்புகிறவர் ஆயிற்றே. "பொட்டலத்தக் குடுத்து வயச வாங்கிப்போட்டான்" என்றாள். நாங்கள் கும்பிடும் அய்யாமேல் ஆணையிட்டாள். மறுநாள் கழிக்கரை முழுக்க அதே பேச்சு. அவர் யாருக்குத்தான் கருவாடு கொடுக்கவில்லை? எங்கள் சட்டியில் வெந்ததும் அவர் கொடுத்ததுதான். அம்மாவுக்கு அன்றைக்கு அது நினைவில் இல்லை. கோபத்துக்கு முதலில் போவது நினைவுதானே.

நான் அதைவிட மோசம். வழியில் கூட்டுக்காரியைக் கண்டதும் அந்த வாக்கியத்தை அப்படியே சொல்லிவிட்டேன். அவள் முதலில் சிரித்தாள்.

"வயசு வாங்கவா? எனக்க வாப்பா எதுவும் நிறுத்துத்தான் வாங்குவாரு. வயசு எத்தற ராத்தலு வந்துதாம்?"

இரண்டடி போனாள். திரும்பினாள். "அக்காவும் அப்படிச் சொன்னாளா?"

"இல்ல. அக்கா ஒண்ணும் சொல்லல்ல."

சிரிப்பு இல்லாமல் அவள் முகத்தை அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தேன். ஒரு கால் கறுப்பு, ஒரு கால் வெள்ளை, சேற்றில் பதிந்து பதிந்து போயின.

அக்கா கதம்பல் தல்லிக்கொண்டிருந்தாள். மூன்று நாள், ஓயாமல். நாலாம் நாள் காலையில் சத்தம் நின்றது. திரும்பிப் பார்த்தேன். தடி அந்தரத்தில் நிற்கிறது. வாய் எதையோ முணுமுணுக்கிறது. பிறகு தடியை வைத்துவிட்டு, ஈர மண்ணில் விரலால் கணக்குப் போட்டாள். அழித்தாள். மறுபடி போட்டாள். "ஏட்டி, கிளம்பு" என்றாள்.

பள்ளிக்கூடத்துக் கிளார்க்கு சாரை உங்களில் சிலருக்காவது தெரிந்திருக்கும், எல்லாப் பள்ளிக்கூடத்திலும் ஒருவர் இருந்தார். கறுப்புக் கோட்டு, ஊதா மசி, காதிடுக்கில் பேனா. எங்களூரில் பெற்றவர்களுக்குத் தெரிந்தது கொல்லம் ஆண்டும் மாதமும்தான். அதைச் சொல்வார்கள், இவர் இங்கிலீஷ் தேதியாக்கிப் பதிவேட்டில் எழுதுவார். கண்ணை மூடிக்கொண்டு செய்வேன் என்று பெருமை.

"சாரே, எனக்க பொறந்த வருசம் தப்பாட்டு இருக்கு" என்றாள் அக்கா.

"எனக்க புக்கிலயா? தப்பா? பிள்ளே, இருவது வருசமா எழுதியேன்."

"கொல்லத்த எப்படி மாத்துவீங்க சாரே?"

"எண்ணூத்தி இருவத்தஞ்சக் கூட்டு. முடிஞ்சுது."

"இண்ணைக்குக் கூட்டிப் பாருங்க."

"இண்ணைக்குக் கொல்லம் ஆயிரத்து நூத்தி இருவத்தெட்டு. எண்ணூத்தி இருவத்தஞ்சக் கூட்டு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அம்பத்திமூணு. அன்னா, காலண்டரப் பாரு. சரியா?"

"சரிதான் சாரே. இனி வாற ஆவணி ஒண்ணாந்தேதிக்குக் கூட்டுங்க."

"ஆவணியில கொல்லம் மாறும். ஆயிரத்து நூத்தி இருவத்தொம்பது. எண்ணூத்தி..." அவர் உதடு அசைந்தது. நின்றது. காலண்டரைப் பார்த்தார். மறுபடி அசைந்தது.

அக்கா மெதுவாகக் கேட்டாள்: "ரெண்டு மாசத்தில அம்பத்திநாலு வந்திருமா சாரே?"

அவ்வளவுதான். கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறக்கிறது, இங்கிலீஷ் ஆண்டு ஜனவரியில். ஆவணிக்கும் டிசம்பர் முடிவுக்கும் இடையே பிறந்தவர்களுக்கு எண்ணூற்று இருபத்துநாலைத்தான் கூட்ட வேண்டும். அக்கா ஐப்பசியில் பிறந்தவள். கூட்டுக்காரி தை மாதம். கிளார்க்கு சாரின் கணக்கு தைக்குச் சரி, ஐப்பசிக்கு ஒரு வருடம் தப்பு.

அவர் கத்துவார் என்று நினைத்தேன். கதவைப் பார்த்தேன், ஓடத் தயாராக. அவர் பதிவேட்டைத் திறந்தார். ஊதாக் கறை படிந்த விரல் வரிவரியாக இறங்கிற்று. புரட்டாசி, கார்த்திகை, ஆவணி, மறுபடி கார்த்திகை. பக்கம் பக்கமாகப் புரட்டினார். எத்தனை பிள்ளைகள்! ஊரில் பாதிப்பேரை ஒரு வருடம் பிந்திப் பிறக்க வைத்திருந்தார். ஒரு பக்கத்தில் விரல் நின்றது.

"இவன் எனக்க மவன். புரட்டாசி" என்றார். கோட்டின் கையால் நெற்றியைத் துடைத்தார். "இத்தற வருசத்தில எவனும் கேக்கல்ல, பிள்ளே. எவனும் கேக்கல்ல."

அங்கேயே, எங்கள் முன்னாலேயே கடிதம் எழுதினார். பிழை என்னுடையது, பிள்ளையுடையது அல்ல, என்று முதல் வரி. தலைமையாசிரியரிடம் தானே கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கி வந்தார். தலைமையாசிரியர் அறைக்குள் கேட்ட சத்தத்தை நான் இங்கே எழுதப் போவதில்லை. வெளியே வந்தபோது அவர் கோட்டைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். வேண்டாத கேள்வி கேட்ட பெண் என்று அவர் அக்காவைத் திட்டியிருக்கலாம், யாருக்கும் தெரியாமல் பதிவேட்டை மூடியிருக்கலாம். பெரியவர்கள் எத்தனையோ பதிவேடுகளை அப்படி மூடியதை இந்த ஆயுளில் பார்த்துவிட்டேன். ஆகையால் அந்த ஊதா விரலை நான் மறப்பதில்லை.

கடிதம் கையில் வந்த பிறகுதான் அக்கா கலங்கினாள். தப்பைக் கண்டுபிடிக்கும்வரை அது ஒரு கணக்கு. கண்டுபிடித்த பிறகு அது ஒரு நாற்காலி, அதில் கூட்டுக்காரி உட்கார்ந்திருக்கிறாள். கடிதத்தைக் கொடுத்தால் அவள் எழுந்து கொழும்புக்குப் போக வேண்டும். கொடுக்காவிட்டால் இவள் தடியைப் பிடிக்க வேண்டும், ஆயுள் முழுக்க. ஒரு பகல் முழுவதும் கடிதத்தை மடித்தாள், பிரித்தாள். கடைசியில் கொடுத்தாள். ஆசைப்பட்டாள், கொடுத்தாள். அவளை நல்லவளாகக் காட்டுவதற்காக இதை நான் மறைக்கப் போவதில்லை. அந்த ஆசையைத்தான் நான் இன்றும் வியக்கிறேன். எங்கள் கழிக்கரையில் ஒரு பெண் தனக்கென்று ஒன்றைக் கேட்டுக் கை நீட்டியது அதுதான் முதல்.

கல்லூரித் தலைவி அம்மாள் கடிதத்தைப் படித்தார். வெள்ளைச் சேலை, வட்டக் கண்ணாடி, யாரையும் புண்படுத்தாத குரல். "இது பள்ளிக்கூடத்தின் கடிதம். அரசாங்கப் புத்தகத்தை இது மாற்றாது. அதற்கு மாதக்கணக்காகும். அந்தப் பெண்ணும் வரட்டும். அவளும் ஒப்புக்கொண்டால் நான் முடிவு செய்கிறேன்" என்றார்.

வியாழக்கிழமை எல்லோரும் ஒரே பஸ்ஸில் போனோம். வேறு பஸ் இல்லை. கருவாட்டு வியாபாரி குடையை இரண்டு முழங்காலுக்கு நடுவே ஊன்றி முன்னால் உட்கார்ந்திருந்தார். அம்மா பின்னால். இரண்டு பெண்களும் ஒரே இருக்கையில், ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு, நடுவில் நான். ஒருத்தி கதம்பல், ஒருத்தி கருவாடு. அந்த இரண்டு வாடைக்கும் நடுவில் நான் மூச்சு விட்டுக்கொண்டு போனேன்.

அறைக்குள் எங்கள் எல்லோரையும் கூப்பிட்டார்கள். தலைவி அம்மாள் கூட்டுக்காரியைப் பார்த்தார்.

"புத்தகப்படி நீதான் மூத்தவள். இந்தப் பெண் தான் மூத்தவள் என்கிறாள். உனக்கு என்ன தெரியும்?"

மூன்று பக்கம் எழுதிவிட்டு இன்னும் தாள் கேட்கிறவள், ஒரு சொல் பேசவில்லை. வெளியே மழை ஓட்டில் விழுந்துகொண்டிருந்தது. அக்கா தரையைப் பார்த்தாள். கறுத்த கொலுசு அவள் கண்ணுக்கு நேரே இருந்திருக்கும்.

"சரி, வேறு மாதிரி கேட்கிறேன். இவளை நீ என்னவென்று கூப்பிடுவாய்?"

பெயரைச் சொல்லியிருந்தால் முடிந்தது. ஒரே வகுப்புக்காரிகள் பெயர் சொல்லிக் கூப்பிடுவதுதானே வழக்கம். தலைவி அம்மாளுக்கு எப்படித் தெரியும்?

"அக்கான்னு" என்றாள்.

"எப்போதிலிருந்து?"

"நாக்குத் திரும்பின நாள்லேருந்து."

தலைவி அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வாப்பாவைப் பார்த்தார். பொட்டலம் கொடுத்து வயது வாங்கியவர் என்று ஊரெல்லாம் பேசப்பட்ட மனுஷன், குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். மகளைப் பார்த்தார்.

"பிள்ள சொன்னது நேரு, பொய்யில்ல" என்றார். "அந்தப் பிள்ள கமந்து விழுந்த ஆழ்ச்சயிலதான் எனக்கு இவ பொறந்தா. எனக்கு நல்ல ஓர்ம உண்டு, மறக்கல்ல."

அம்மா கல்லூரி அலுவலகத்தில் கத்திய அதே சொற்கள். அவர் வாயிலிருந்து அமைதியாக வந்தபோது அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

நடந்ததை முடித்துச் சொல்லிவிடுகிறேன். இடம் அக்காவுக்கு வந்தது, கூட்டுக்காரி கோட்டுக்குக் கீழே போனாள். காத்திருப்போர் பட்டியலில் அந்த வருடம் யாருக்கும் இடம் வரவில்லை. வாப்பா தன் சொல்லை மாற்றவும் இல்லை. நல்ல மனுஷன்தான். ஆனாலும் ஒரு குரூப்புக்குமேல் அவருக்குக் கதவு தெரியவில்லை. ஐப்பசியில் கூட்டுக்காரி கொழும்புக்குக் கப்பலேறினாள். மூன்று பிள்ளைகள். மூன்று பேர் பிறந்ததையும் கொல்லத்திலும் இங்கிலீஷிலும் அடுக்களைச் சுவரில் எழுதி வைத்திருந்தாளாம், போய் வந்தவர்கள் சொன்னார்கள்.

அக்கா வேதியியல் ஆசிரியையானாள். எத்தனையோ பிள்ளைகளுக்கு அந்த வாயுவை உண்டாக்கிக் காட்டினாள். மூக்கைப் பொத்துகிறவர்களை வெளியே அனுப்பமாட்டாள், கிட்டே கூப்பிடுவாள். அவள் புத்தகத்தில் தேதியை யாரும் திருத்தவே இல்லை. அதனால் ஓய்வு பெறும் வயது தாண்டியும் ஒரு வருடம் வேலை பார்த்தாள். அவள் மட்டுமா? ஆவணிக்குப் பிறகு பிறந்த எங்கள் ஊர்க்காரர்கள் எல்லாம், போஸ்ட்மேன் முதல் தாசில்தார் வரை, ஒரு வருடம் கூடுதலாகச் சம்பளம் வாங்கிக்கொண்டு கிளார்க்கு சாரை வாழ்த்தினார்கள். நான் வைகாசி. எனக்கு ஒரு நாள்கூடக் கிடைக்காது.

அந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன். திரும்பும் பஸ்ஸில் கூட்டம். வாப்பா நின்றுகொண்டிருந்தார். அம்மா என்னைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, நகர்ந்து, இடம் உண்டாக்கினாள்.

"காக்கா, இஞ்ச இரியுங்க" என்றாள். அண்ணனுக்கு அவர்கள் வீட்டுச் சொல் காக்கா. அவர் உட்கார்ந்தார். மடியில் இருந்தபடி நான் பார்த்தேன், இரண்டு பேரும் ஒரே சன்னல் வழியாக ஒரே மழையைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

இறங்கிய இடத்தில் பாதை இரண்டாகப் பிரியும். ஒன்று கடலுக்கு, ஒன்று கழிக்கு. பெரியவர்கள் முன்னால் நடந்துவிட்டார்கள். அக்கா நகரவில்லை. அவள் கண் நிறைந்து, வழிந்து, மழையோடு சேர்ந்துவிட்டது.

"பேரச் சொல்லியிருந்தா போதுமே. ஏன் அப்படிச் சொன்னே?"

கூட்டுக்காரி பாவாடையைச் சற்றுத் தூக்கி, சேறு பட்ட கறுப்புக் கொலுசை மழையில் நீட்டிக் கழுவினாள். அது கறுப்பாகவே இருந்தது. பிறகு, அந்த வாய் நிறையப் பல் தெரிய, சிரித்தாள்.

"பேப்பர்லதான் நீ எனக்குத் தங்கச்சி. அத நான் சொன்னா குழியில ஊறுத கதம்பலும் சிரிக்கும். போ அக்கா. உனக்க நாத்தத்த நீயே போயிப் படி."